கைநீட்டும் வேலைக்கு வருவோருக்குச் சில யோசனைகள்

தமிழில் கைநீட்டுவது என்றால் அடிப்பது, கேட்டு நிற்பது, லஞ்சம் வாங்குவது என்று மூன்று பொருள் உண்டு. நான்காவது ஒன்றும் இருக்கிறது. அதில் வாங்குவதற்கும் ஒன்றுமில்லை, அடிக்கவும் முடியாது. சென்னையில் அதற்கு டிராஃபிக் வார்டன் என்று பெயர். சொந்தத் தொழிலையோ வேலையையோ முடித்துவிட்டு, போக்குவரத்துப் போலீசாருக்குத் துணையாகச் சிக்னலில் வந்து நிற்கும் தன்னார்வலர். சேர்வதென்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால், வீட்டில் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

முதலில் அபராதத் தொகைகளை மனப்பாடம் செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தை 2019இல் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே. ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000. எல்லாம் தலைகீழாக ஒப்பிக்க வந்ததும் மறந்துவிடலாம், ஏனென்றால் இதில் ஒரு ரூபாய்க்கும் நீங்கள் ரசீது போட முடியாது. சட்டத்தின் 200ஆம் பிரிவுப்படி, அரசு அறிவித்த அதிகாரிகள்தான் அந்த இடத்திலேயே பணம் கட்டச் சொல்லி வழக்கை முடிக்கலாம். லைசென்ஸைக் காட்டச் சொல்வதும் சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரியின் உரிமை. வண்டிச் சாவியைப் பிடுங்குவது சினிமாவில் நன்றாக இருக்கும். நீங்கள் அதற்கு ஆசைப்படாதீர்கள். உங்கள் ஆயுதங்கள் ஒரு விசில், ஒளிரும் ஜாக்கெட் ஒன்று, இரண்டு கைகள்.

கைகளை வீட்டுக் கண்ணாடி முன்னால் பழக்கிக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் தூக்கி உள்ளங்கையை முன்னால் காட்டினால் எதிரே வருபவர் நிற்க வேண்டும். இடக்கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டினால் பின்னால் வருபவர் நிற்க வேண்டும். முதலாவது எல்லோருக்கும் தானாக வரும். இரண்டாவதைத்தான் பதற்றத்தில் விட்டுவிடுவோம். கை தளரக்கூடாது, பாதி மடங்கிய கையைப் பார்த்தால், யாரோ தெரிந்தவருக்கு டாட்டா காட்டுகிறீர்கள் என்று நினைத்துத் திரும்பக் காட்டிவிட்டுப் போவார்கள்.

அடுத்தது பேச்சு. ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஒரு பையன் வந்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி நிற்பான்.

“தம்பி, அதைத் தலையில போட்டுக்கலாமே.”

“அங்கிள், நீங்க போலீஸா?”

இல்லை என்பதே உண்மை. அதைச் சொல்லாமல் சிரியுங்கள். அடுத்து, “என் தலை, உங்களுக்கென்ன?” என்பான். அதற்குப் பதில் உண்டு: 2022இல் மட்டும் ஹெல்மெட் அணியாமல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 50,029 பேர். ஆனால் அந்த எண்ணை நீங்கள் வாயால் சொல்லி முடிப்பதற்குள் பச்சை விழுந்துவிடும். எனவே எண்ணை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறி, எதற்கடா வந்தோம் என்று தோன்றும் நேரத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

காரில் வருபவர் கண்ணாடியை இறக்க மாட்டார். இறக்கினால், “நான் யார் தெரியுமா?” என்பார். இந்தக் கேள்விக்கு விடையை முன்பெல்லாம் கண்ணாடியிலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். 2024 மே மாதம் உரிமையில்லாத ஸ்டிக்கர்கள்மீது சென்னைப் போலீஸ் நடவடிக்கையைத் தொடங்கிய பிறகு, வாயால் சொல்ல வேண்டிய சிரமம் அவர்களுக்கு வந்துவிட்டது. “தெரியலீங்களே சார்” என்று பணிவாகச் சொல்லிவிட்டு, ஏட்டய்யா நிற்கும் பக்கம் மெல்லத் திரும்புங்கள். உங்களுக்கு இல்லாத அதிகாரம் பத்தடி தள்ளி வெள்ளைச் சட்டையில் நிற்கிறது. அதைக் கண்ணால் சுட்டுவதற்குத் தடையேதும் இல்லை.

கோடையில் போக்குவரத்துப் போலீசாருக்கு மோர் கொடுப்பார்கள். பாக்கெட்டுகளை நீங்களாக எண்ண ஆரம்பிக்காதீர்கள். ஏட்டய்யா கூப்பிட்டுக் கொடுத்தால், அன்று ஏதோ உருப்படியாகச் செய்திருக்கிறீர்கள்.

கண்ணெதிரே விபத்து நடந்தால் மட்டும் இந்தக் குறிப்பையெல்லாம் தூக்கிப் போடுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள், கூட்டத்தை விலக்குங்கள். செல்போனில் படம் எடுப்பவரிடம் அன்று மட்டும் கோபப்படலாம். உதவி செய்பவரை வழக்குக்குள் இழுக்கக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவே சொல்கிறது. தயங்கி நிற்பவர்களிடம் இதை உரக்கச் சொல்லுங்கள்; பலருக்குத் தெரியாது.

புதிதாக வருபவர்கள் பள்ளிக்கூட வாசலில் தொடங்குவது நல்லது. காலை எட்டேகால். முதுகில் மூட்டையோடு முப்பது பிள்ளைகள் வரிக்குதிரைக் கோட்டின் ஓரத்தில் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நடுச்சாலைக்குப் போய்க் கையைத் தூக்குங்கள். எதிரே வரும் மாநகரப் பேருந்து, பெருமூச்சு விட்டபடி, நிற்கும். எப்படி நின்றது என்று வியந்துகொண்டிருக்க வேண்டாம். பின்னால் ஷேர் ஆட்டோ வருகிறது, இடக்கையை நீட்டுங்கள்.