கார்த்திகையில் கால் நிற்காது: பெங்களூர் வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஐப்பசி பிறந்ததிலிருந்து பெட்டியைப் பரணில் ஏற்றவே இல்லை. தீபாவளிக்கு ஊர், அடுத்து நாத்தனார் மகன் கல்யாணம், பின்னாலேயே ஒரு வளைகாப்பு. நவம்பர் மட்டும் ஏன் நம்மை இப்படிப் பிடித்து ஆட்டுகிறது?
வாசகி, ஜே.பி. நகர்

பதில்: பஞ்சாங்கம்தான் காரணம். புரட்டாசியில் கல்யாணம் வைக்க மாட்டோம், மார்கழியிலும் மாட்டோம். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவை ஐப்பசியும் கார்த்திகையும். தை பிறக்கும்வரை பொறுமையில்லாத மாப்பிள்ளைகள் எல்லாரும் இந்த இரண்டு மாதத்துக்குள்தான் தாலி கட்டியாக வேண்டும். பெங்களூரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கன்னடக் குடும்பங்களில் துளசி ஹப்பா முடிந்ததும் கல்யாண சீசன் சூடு பிடிக்கும். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே வாரத்தில் ஒரே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க ஓடுகிறார்கள்.

வருகிற பத்திரிகைக்கெல்லாம் குடும்பத்தோடு கிளம்பாதீர்கள். தாய்மாமன் முறையோ அத்தை முறையோ செய்ய வேண்டிய வீடு என்றால் எல்லாரும் போங்கள், முதல் நாளே போங்கள். மற்ற வீடுகளுக்கு ஒருவர் போனால் போதும். அந்த ஒருவர் மொய்க் கவரை நீட்டிவிட்டு ஓடி வராமல், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, பெரியவர்களிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வரட்டும். வந்த தலைகளைக் கல்யாண வீட்டார் எண்ணுவதில்லை. யார் உட்கார்ந்து பேசினார்கள் என்பது மட்டும் வருஷக்கணக்கில் நினைவிருக்கும்.

கேள்வி: ஊருக்கு ரயில் டிக்கெட் கிடைப்பதற்குள் பண்டிகையே முடிந்துவிடுகிறது. வழி உண்டா?
வாசகர், மாரத்தஹள்ளி

பதில்: நாலு மாதம் முன்னாடியே எடுத்துவிடலாம் என்ற பழைய கணக்கை மறந்துவிடுங்கள். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. காலண்டரில் தீபாவளியை வட்டமிடுகிற அதே பேனாவால், பயணத் தேதிக்கு 60 நாள் முந்தைய தேதியையும் வட்டமிடுங்கள். அன்று காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும்போது காபியைக் கீழே வைத்துவிட்டு உட்கார வேண்டும்.

இன்னொரு யோசனை, பகல் வண்டி. ராத்திரி வண்டியில் போனால் ஒரு நாள் லீவு மிச்சம் என்று எல்லாரும் அதற்கே முட்டி மோதுகிறோம். சென்னைக்கு 1964-லிருந்து ஓடும் பிருந்தாவன் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத், மைசூரிலிருந்து பெங்களூர் வழியாகச் சென்னைக்கு, 2022 நவம்பர் 11 அன்று புறப்பட்டது. எர்ணாகுளத்திலிருந்து கோவை, ஈரோடு, சேலம் வழியாக இங்கே வரும் வந்தே பாரத் வண்டியும் 2025 நவம்பரில்தான் தொடங்கியது. மழை நனைத்த மலைகளைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது. ஒரு நாள் லீவை அதற்காகத் தாராளமாகச் செலவழிக்கலாம்.

கேள்வி: வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில்க் போர்டைத் தாண்டுவதற்குள் பாதி ஊர் போன களைப்பு வந்துவிடுகிறதே!
வாசகர், ஜெயநகர்

பதில்: தாண்டாதீர்கள், மேலே பறந்துவிடுங்கள். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் வழித்தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர் ஓடுகிறது. சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி எல்லாம் ஜன்னலுக்குக் கீழே போய்விடும். பஸ் டிக்கெட் எடுக்கும்போதே ஏறுமிடத்தை மடிவாளா என்று போடாமல் எலெக்ட்ரானிக் சிட்டி அல்லது அத்திப்பள்ளி என்று போடுங்கள். பெரும்பாலான ஆம்னி பஸ்கள் அங்கே நின்றுதான் போகின்றன.

கேள்வி: அம்மா திருநெல்வேலியில் தனியாக இருக்கிறார்கள். "உங்க ஊர்க் குளிரு எனக்கு ஆகாதுப்பா" என்று நவம்பரில் வர மறுக்கிறார்கள். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
வாசகர், ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்

பதில்: அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. நவம்பர் ராத்திரிகளில் 17, 18 டிகிரி சர்வசாதாரணம். தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு அது ஊட்டி. வீட்டுக்குள் போட ஒரு ஜோடி செருப்பு, காலையில் வெயில் விழும் அறை, இரண்டு கம்பளி தயாராக இருக்கட்டும். மாடியில் சோலார் இருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள். இந்த மாதத்து மேகமூட்டத்தில் அது பல நாள் வெதுவெதுப்போடு நின்றுவிடும். அம்மா குளிக்கும் நேரத்துக்கு கீசரைப் போட்டு வையுங்கள்.

ஆனால் குளிர் பாதிக் காரணம்தான் என்று நினைக்கிறேன். மீதிப் பாதியை அம்மா வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஊரில் வாசலில் உட்கார்ந்தால் பூக்காரம்மா, எதிர்வீட்டு அக்கா, பால்காரர் என்று பொழுதெல்லாம் பேச்சு. இங்கே நீங்களும் மருமகளும் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் கதவு திறக்கிறது. பேச்சுத் துணையில்லாத பத்து மணி நேரத்தை எந்தக் கம்பளியாலும் போர்த்த முடியாது. ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன்னால், அபார்ட்மெண்டில் அம்மா வயதில் தமிழ் பேசுகிறவர் யார் என்று கண்டுபிடியுங்கள். கட்டாயம் ஒருவர் இருப்பார், அவரும் யாராவது வர மாட்டார்களா என்று காத்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். ஏரிக்கரைப் பக்கம் 1950-ல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்கே நூலகமும் உண்டு. இத்தனையும் செய்த பிறகும் அம்மா வரவில்லை என்றால், நீங்கள் போங்கள்.

கேள்வி: ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் வைத்த கோட்டிலேயே நிற்கிறது. மதுரையில் பொங்கி வழியுமே!
வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: மாவைக் கோபிக்காதீர்கள், குளிரில் அதுவும் தூங்குகிறது. புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரி பக்கம் இருந்தால்தான் உற்சாகம். உளுந்தோடு வெந்தயம் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள், கையால் நன்றாகக் கரையுங்கள், பாத்திரத்தை அணைத்த ஓவனுக்குள் வைத்து உள்விளக்கை மட்டும் எரியவிடுங்கள். பதினாலு மணி நேரம் கொடுங்கள். பருப்பு வேகவில்லை என்று அடுத்த வாரம் கேட்கப் போகிறீர்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கரை நம்புங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் தீபாவளி முடிந்த மறுநாளே கார்த்திகை விளக்கு ஏற்றத் தொடங்கிவிடுகிறார்கள். நமக்கு இன்னும் ஐப்பசி. யார் கணக்கு சரி?
வாசகி, ராஜாஜி நகர்

பதில்: இரண்டும் சரி. அவர்களுக்குச் சந்திரன் கணக்கு, அமாவாசை கழிந்ததும் கார்த்திகம். நமக்குச் சூரியன் கணக்கு, நவம்பர் நடுவில்தான் கார்த்திகை பிறக்கும். அவர்கள் ஏற்றி முடிக்கும் நேரத்தில் நீங்கள் அகலைக் கழுவி வையுங்கள். உங்கள் மாடி வராந்தாவில் ஒன்றரை மாதத்துக்கு விளக்கு அணையாது. பொரி உருண்டை பிடிக்கும்போது அந்த வீட்டுக்கும் நாலு பிடியுங்கள்.

கேள்வி: என் பெண் பள்ளியில் ராஜ்யோத்சவாவுக்குச் சிவப்பு-மஞ்சள் துண்டு போட்டுக் கன்னடப் பாட்டுப் பாடினாள். ஊரிலிருந்து வந்த பெரியப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. என்ன சொல்ல?
வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: பெரியப்பாவுக்கு ஒரு தேதியைச் சொல்லுங்கள்: 1956 நவம்பர் 1. மைசூர் மாநிலம் விரிந்த அந்த நாளில்தான் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன, கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் மைசூரோடு போனது. 1973-ல் அதே தேதியில் மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆயிற்று. கொண்டாட இரு வீட்டுக்கும் காரணம் இருக்கிறது. அல்சூரில் 18 ஆண்டு மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது, சில நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. உங்கள் பெண் தான் வளரும் மண்ணின் மொழியில் பாடியிருக்கிறாள், அதனால் அவள் தமிழில் ஓர் எழுத்தும் குறையவில்லை. குறையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை வீட்டில் உங்களுக்கு. தினம் ராத்திரி ஒரு தமிழ்க் கதை வாசியுங்கள், பெரியப்பா இருக்கும் நாளில் அவரே சொல்லட்டும்.

கேள்வி: துலா ஸ்நானத்துக்கு மயிலாடுதுறை போக வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. லீவு கிடைக்கவில்லை. மனசு உறுத்துகிறது.
வாசகி, பனசங்கரி

பதில்: முடிந்தால் அடுத்த ஆண்டு கட்டாயம் அழைத்துப் போங்கள். ஐப்பசி கடைசி நாளில் கடைமுகம், அதையும் தவறவிட்டவர்களுக்குக் கார்த்திகை முதல் நாளில் முடவன் முழுக்கு. நடக்க முடியாமல் தாமதமாக வந்தவருக்காக ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கி வைத்த ஊர் அது. தாமதமாகப் போனதற்காக யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

இந்த ஆண்டுக்கு ஒரு வழி இருக்கிறது. ஐப்பசி பிறக்கும்போது தலைக்காவேரியில் தீர்த்தம் பொங்குவதைப் பார்க்கக் குடகுக்காரர்கள் கூடுகிறார்கள். ஐப்பசி முடியும்போது மயிலாடுதுறையில் நம்மவர்கள் முழுகுகிறார்கள். இந்த இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட வழியிலிருந்துதான் உங்கள் பனசங்கரி வீட்டுக் குழாய்க்கும் தண்ணீர் வருகிறது. தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் பம்ப் செய்து ஏற்றி அனுப்புகிறார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் திறந்த பிறகு, நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கும் காவிரி போகத் தொடங்கியிருக்கிறது. ஒரு செம்பு தண்ணீர் பிடித்து, மாமியார் கையில் கொடுத்து, "அத்தை, இதுவும் காவிரிதான்" என்று சொல்லுங்கள். அவர் ஊற்றிக்கொள்ளட்டும். பிறகு சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். காவிரிக்குச் செய்யும் பூஜையில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: விடியற்காலை நடக்கும்போது சாலையெல்லாம் நீளக் காம்போடு வெள்ளைப் பூ. வாசனை ஆளைத் தூக்குகிறது. என்ன பூ?
வாசகர், மல்லேசுவரம்

பதில்: மரமல்லி. இங்கே ஆகாச மல்லிகே என்பார்கள். காம்பு நீளமாக இருப்பதால் நார் இல்லாமலே பின்னலாம், பேத்தி இருந்தால் பின்னிக் காட்டுங்கள். 1980-களில் வன அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹாள் தலைமையில் இந்த ஊரில் 15 லட்சம் மரங்கள் நட்டார்கள். நாம் நடக்கிற நிழலில் பெரும் பகுதி அவர்கள் தந்தது.

கேள்வி: பசவனகுடிக்குப் பக்கத்திலேயே பல வருஷமாக இருக்கிறோம். நவம்பர் வந்தால் ஊருக்கு ஓடிவிடுவதால் கடலைக்காய்ப் பரிஷையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அப்படி என்ன இருக்கிறது அதில்?
வாசகி, ஹனுமந்த நகர்

பதில்: இந்த ஊர் பெங்களூர் ஆவதற்கு முன்னால் என்னவாக இருந்ததோ அது முழுவதும் அந்தக் கடலைச் சந்தை கூடும் தெருவில் இருக்கிறது. சுங்கேனஹள்ளி, குட்டஹள்ளி, மாவள்ளி, தாசரஹள்ளி எல்லாம் கடலை விளைந்த கிராமங்கள். விளைந்த கடலையை ஒரு காளை தினமும் மேய்ந்துவிட்டுப் போனதாம். குடியானவர் ஒருவர் கோபத்தில் அடிக்க, அது உட்கார்ந்து கல்லாகிவிட்டதாம். மனம் வருந்திய குடியானவர்கள் முதல் அறுவடையை அந்தக் காளைக்கே படைக்கத் தொடங்கினார்கள் என்பது கதை. அந்த ஒற்றைக்கல் நந்திக்குக் கெம்பே கௌடர் கட்டியதுதான் தொட்ட பசவண்ணர் கோயில். கடலை விளைந்த வயல்கள் போய் வீடுகள் வந்துவிட்டன, ஆனால் கடலை மட்டும் வருஷம் தவறாமல் வந்து சேர்கிறது. சிந்தாமணி, கோலார், ஆந்திரம், நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தெல்லாம் மூட்டை மூட்டையாக வந்து புல் டெம்பிள் ரோடு நடைபாதையில் குவியும். பச்சை, வேகவைத்தது, வறுத்தது, ஒரு பருப்பு, இரு பருப்பு, மூன்று பருப்பு, சிவப்பு என்று அத்தனை வகை.

பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். பாக்கெட்டில் உப்புக் கடலை பார்த்த பிள்ளை, மண் ஒட்டிய தோலோடு அதை உடைத்துத் தின்னட்டும். கார்த்திக மாதத்துக் கடைசித் திங்கட்கிழமைதான் முக்கிய நாள், ஆகவே ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் ஊரிலிருந்து திரும்பிவிட்டாலே போதும். ஊருக்குப் போவதை நான் குறைக்கச் சொல்லவில்லை. சம்பளம், தண்ணீர், நிழல் எல்லாம் தருகிற ஊருக்கும் நவம்பரில் ஒரு சாயங்காலம் கொடுங்கள் என்கிறேன்.

கடை போட்டிருப்பவர்களில் பலர் குடும்பத்தோடு வந்து, ராத்திரிக் குளிரில் மூட்டைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறவர்கள். வீட்டிலிருந்து துணிப்பை எடுத்துப் போங்கள். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சேர் கடலைக்குப் பேரம் பேசாதீர்கள்.