கொறச்சி எடுத்தவர்

"மாஸ்டர், இது எவ்ளோன்னு சொல்லுங்க பாப்பம்?"

லொறியிலிருந்து மெசின் இன்னும் முழுதாக இறங்கியிருக்காது. ஒரு கால் தரையிலும் மூன்று கால் பலகையிலுமாக நிற்கும். அதற்குள் மில் முதலாளி கேட்டுவிடுவார். தெரியாது என்று நழுவ முடியாது. "சும்மா ஒரு மதிப்புக்குச் சொல்லுங்களேன்" என்று முழங்கையைப் பிடித்துக்கொள்வார். பெரகலையிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்குகிற பஸ் கொஸ்லந்தை பஸாரில் நின்று, ஆள் ஏற்றிப் போய், அடுத்த பஸ்ஸும் வந்துவிடும். நீங்கள் ஒரு தொகை சொல்லும்வரை முழங்கை அவருடையது.

இந்த விளையாட்டுக்குச் சட்டங்கள் உண்டு. நீங்கள் சொல்லும் தொகை அவர் கொடுத்ததைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். அதற்காக ஒரேயடியாக ஏற்றவும் கூடாது. ஏற்றினால் 'இந்தாளுக்கு மெசினப் பத்தி ஒண்ணும் தெரியாது' என்று தீர்மானித்துவிடுவார். பிறகு நீங்கள் வாய் பிளந்தாலும் அதற்கு மதிப்பில்லை. ஒன்றரை மடங்கு சொல்வது உத்தமம். சொன்னதும் கண்ணை மூடித் தலையை ஆட்டுவார். "இன்னும் கொறைங்க." குறைப்பீர்கள். "இன்னும்." குறைப்பீர்கள். கடைசியில் அக்கம் பக்கம் பார்த்து, காதருகே குனிந்து, பஸாருக்கே கேட்கிற குரலில் விலையைச் சொல்வார். அப்போது "பரவாயில்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் மனம் உடைந்துபோவார். "எப்படி மொதலாளி முடிச்சீங்க?" என்று கேட்கவேண்டும். கேட்டால்தான் அவருக்குப் பகல் சோறு இறங்கும்.

எப்படி முடித்தார் என்பது அரைமணி நேரக் கதை. கொழும்பில் பஞ்சிகாவத்தை. கடைக்காரன் ஒரு விலை சொன்னான். இவர் சிரித்தார். அவன் கடைசி விலை சொன்னான். இவர் எழுந்து வெளியே வந்தார். பின்னாலேயே வந்து கடைசிக்கும் கடைசி விலை சொன்னான். இவர் மருதானைச் சந்திவரை நடந்தே போய்விட்டார். பையன் ஓடி வந்து கூப்பிட்டான். கதை ஒவ்வொரு தரமும் ஒன்றுதான். நடந்த தூரம்தான் கூடிக்கொண்டே போகும். இப்போதைக்குப் புறக்கோட்டைவரை போயிருக்கிறார்.

பஸார்க்காரர்கள் பழகிவிட்டார்கள். திரீவீல் தம்பி, முதலிலேயே லொறி டிரைவரிடம் விலையை விசாரித்து, அளவாக ஒன்றரை மடங்கு சொல்லி, பிளேன்டீயும் வடையும் வாங்கிவிடுவான். சலூன்காரருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஒருநாள் உண்மையிலேயே யோசித்து, கொடுத்த விலைக்கும் கீழே ஒரு தொகை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முதலாளி முடிவெட்டப் பண்டாரவளைக்குப் போகிறார். பஸ் காசு, அங்கே ஒரு சாப்பாடு, அரைநாள் கடைப் பூட்டு. "அங்க அம்பது ரூவா கொறவு மாஸ்டர்" என்று என்னிடம் சொன்னார். இவர் மெசின் வாங்குவதும் இதே கணக்கில்தான்.

கொண்டுவந்த பிறகு அந்த மெசினைப் பற்றி யாரையும் எதுவும் ஊகிக்கச் சொல்லமாட்டார். "இந்த மாசம் கரண்ட் பில் எவ்ளோன்னு சொல்லுங்க பாப்பம்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் நாங்கள் ஒன்றரை மடங்கு சொன்னாலும் உண்மைத் தொகை அதற்கு மேலே நிற்கும்.

மிளகாய்த்தூள் அரைக்கிற அவருடைய மில்லில் ஓடுவது, எரிந்துபோய் மறுபடி காயில் கட்டிய 10 குதிரைவலு மோட்டார். பாதி விலைக்குக் கிடைத்தது. நூற்றுக்கு 90 திறனுள்ள நல்ல மோட்டார் நாளுக்கு 8 மணிநேரம், வருசத்தில் 300 நாள் முழுச் சுமையில் ஓடினால் ஏறக்குறைய 20,000 யூனிட் இழுக்கும். திறன் 82க்கு இறங்கிவிட்டால் அதே வேலைக்கு வருசம் 1,900 யூனிட்டுக்கு மேல் கூடுதலாகப் போகும். நாள் முழுக்க ஓடுகிற மோட்டாரின் ஆயுட்காலச் செலவில் வாங்கின விலை நூற்றுக்கு 5கூடத் தேறாது, மிச்சமெல்லாம் கரண்ட் என்பது இஞ்சினியர்களின் பழைய கணக்கு. நம்மவர் அந்த 5ல் பாதியைக் குறைத்துவிட்டு, 95ஐத் திறந்துவிட்டு வந்தவர். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறி, 2023 பெப்ரவரியில் அதன்மேல் இன்னுமொரு 66 வீதம் ஏறியபோது நாடே திட்டியது. இவர் கூடவே நின்று நாட்டைவிட உரக்கத் திட்டினார். மோட்டாரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவரிடம் ஒரு கணக்குக் கொப்பி உண்டு. முதல் பக்கத்தில் மெசின் விலை, பக்கத்திலேயே சிவப்புப் பேனையில் 'லாபம்' என்று குறைத்த தொகை. பெல்ட், பெயாரிங், அரைக்கிற தட்டு எல்லாம் பின் பக்கங்களில் 'சில்லறை' என்ற தலைப்பில் கிடக்கும். சில்லறைக்கு மட்டும் மூன்று கொப்பி முடிந்திருக்கிறது. மெசின் திருத்தப் பண்டாரவளையிலிருந்து வருகிற பாஸின் கூலி 'கைமாத்து'. பாஸுக்குச் சாப்பாடு 'வீட்டுச் செலவு'. மெசின் நின்ற நாளில் வராத வருமானத்துக்குக் கொப்பியில் இடமே கிடையாது. வராத காசை எப்படி எழுதுவது என்பார். 2022ல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது ஒரு பெயாரிங்குக்காக வாரக்கணக்கில் மில் பூட்டிக் கிடந்தது. அந்த மெசின் எந்த நாட்டில், எந்த வருசம் செய்தது என்று அவருக்கும் தெரியாது, பஞ்சிகாவத்தைக்காரனுக்கும் தெரியாது. அளவு பார்த்துப் பார்த்து, வந்த பெயாரிங்கையெல்லாம் திருப்பி அனுப்பியதுதான் மிச்சம்.

அப்போதும் பழி மெசின்மேல் விழவில்லை. தேயிலைப் பெக்டரிகளில் மெசினுக்குக் காவலாக ரோதைமுனியைக் கும்பிடுவது நம் மலையக வழக்கம். அதைப் பார்த்து, மில்லின் மூலையில் இவரும் ஒரு கல்லை வைத்திருக்கிறார். சாமி குத்தம் என்று ஒரு சேவல் அறுத்தார். அந்தச் சேவலின் விலை 'கோயில்' என்ற கணக்கில் ஏறியது. சேவலையும் பேரம் பேசித்தான் வாங்கினார் என்று கேள்வி.

இவருடைய பெரிய பதிப்புகளும் ஊவாவில் உண்டு, தேயிலைப் பெக்டரி அளவில். அங்கே விலைமனுக்களின் கடைசி வரியை மட்டும் பார்த்துக் குறைந்ததில் கையெழுத்துப் போடுவார்கள். தேயிலையை நிறம் பார்த்துப் பிரிக்கிற கலர் சோட்டர் வந்து இறங்கிய பிறகு தெரியும், அதற்குக் காற்றடிக்கக் கம்ப்ரெஸர் வேண்டும், நிற்பதற்குக் குளிரூட்டிய அறை வேண்டும் என்று. ஓட்டை விழுந்த டிரையர் விறகை எவ்வளவு தின்கிறது என்று விறகுக்காரனுக்குத்தான் தெரியும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை காற்றுக்காலம், ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை விழுகிற நேரம். மலிவு மெசின் நிற்பதற்கு அந்த மாதங்களைத்தான் தேர்ந்தெடுக்கும். லிப்டன் 1890ல் தம்பேதென்னயில் பெக்டரி கட்டிய காலத்து வெள்ளைக்காரன் நமக்கு நல்லவனாக இருந்ததில்லை. ஆனால் மெசின் வாங்கும்போது அது எத்தனை வருசம் ஓடும் என்று கேட்டான். வருசக் கணக்கு அவனுக்குத் தெரியும். கூலிக் கணக்கில்தான் கையை இறுக்கினான். நம்மவர்கள் இறுக்கின கையை மட்டும் படித்துக்கொண்டார்கள்.

சரி, ஆள் மோசமில்லை. இரவு படுக்கையிலிருந்தபடியே கீழே ஓடுகிற மில்லின் சத்தத்தை வைத்து எந்தப் பெயாரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். 2014 ஒக்டோபர் 29ல் மீரியபெத்தையில் மண் சரிந்து, பிழைத்தவர்கள் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தபோது, மூடை மூடையாக அரைத்துக் கொடுத்தார். ஒரு சதம் வாங்கவில்லை. எவ்வளவு அரைத்தேன் சொல்லுங்க பாப்பம் என்று இன்றுவரை யாரையும் கேட்டதுமில்லை. அதற்காகவே அவருடைய மருதானைக் கதையைப் பல தடவை பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இந்தத் தீபாவளிக்கு முந்தின நாள் பொறுமை போய்விட்டது. பலகாரத்துக்கு அரிசி ஊறவைத்து எடுத்துக்கொண்டு மேல்கணக்கிலிருந்தும் கீழ்க்கணக்கிலிருந்தும் பெண்கள் இறங்கி வந்திருந்தார்கள். பாதிப் பேர் மத்தியானத்தோடு வேலையை விட்டு, அரைநாள் கூலியான அரைப் பேரோடு வந்தவர்கள். பெல்ட் அறுந்து கிடக்கிறது. பாஸ் பண்டாரவளையில். மில்லுக்கு முன்னால் கட்டைச்சுவரில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஊறின அரிசி புளிக்கத் தொடங்கியது. கடைசியில் அரைத்துக் கொடுத்த மாவு தேய்ந்த தட்டில் சூடேறிக் கருத்திருந்தது. அவர்கள் போகும்போது முதலாளி ஒரு அட்டையை மாட்டினார்: கரண்ட் விலை ஏறியதால் அரைவைக் கூலி கிலோவுக்கு இவ்வளவு கூடுகிறது.

பெரிய பதிப்புக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள். மெசின் நின்றால் சிறுதோட்டக்காரரின் கொழுந்து சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவக்கும். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும், அத்தனையும் பழுதாகும். பிறகு தராசில் "தண்ணி", "முத்தல்", "செவந்திருச்சி" என்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். கொழுந்து ஏன் சிவந்தது என்று தராசுக்காரனிடம் கேட்கமுடியாது. மெசின்காரரிடமும் கேட்கமுடியாது, அவர் இன்னும் வாங்கின விலையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். தள்ளுபடி அவருக்கு, தவணை எங்களுக்கு.

மொதலாளி, விலையைக் குறைத்தது உங்கள் கெட்டித்தனம், மறுக்கவில்லை. அடுத்த மெசின் வாங்குமுன் அந்தக் கொப்பியை ஒரே கொப்பியாக எழுதுங்கள். வாங்கின விலைக்குக் கீழே பத்து வருசக் கரண்ட், பெல்ட், பெயாரிங், பாஸ் கூலி, பாஸின் சாப்பாடு, நின்ற நாட்கள், சேவல். அதற்கும் கீழே கட்டைச்சுவரில் உட்கார்ந்தவர்கள் இழந்த அரைப் பேரையும் எழுதுங்கள். கூட்டி முடிக்கும்வரை அந்த அட்டையைக் கழற்றி வையுங்கள். உங்கள் மோட்டார் வீணாக்குகிற யூனிட்டுக்கு நாங்கள் காசு கட்டுவதாக இல்லை.