அரக்கு கேட்டால் தக்காளி வருது!

ஆரி ஒர்க் வாசகி, சூளகிரி
நேரில் பார்த்தால் அரக்கு கலர் பிளவுஸ். போனில் எடுத்தால் தக்காளி கலர். கஸ்டமர் "இது நான் கேட்ட கலர் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார். போனை மாற்றணுமா?

போனை மாற்ற வேண்டாம் சகோதரி, டியூப் லைட்டை அணையுங்கள். கேமராவுக்கு அரக்கும் தெரியாது, ஆரியும் தெரியாது. திரை முழுக்க அடர்த்தியான துணி இருந்தால் "ஐயோ, இருட்டாக இருக்கிறதே" என்று அதுவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அங்கேதான் அரக்கு தக்காளி ஆகிறது. துணியின் மேல் விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். பக்கத்தில் ஒரு குட்டிச் சூரியன் வரும். அதைக் கீழே இழுத்தால் கலர் வீடு திரும்பும்.

இன்னொரு வில்லன், கலப்பட வெளிச்சம். ஜன்னல் வெளிச்சத்தில் நீலம் தூக்கல், குண்டு பல்பில் மஞ்சள் தூக்கல். இரண்டும் சேர்ந்து விழுந்தால் வெள்ளை எது என்றே கேமராவுக்குக் குழம்பும். எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரமாகக் காலையில் எடுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை சார்ட்டை நிறுத்தினால் நிழல் இளகும். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம், ஜரிகை கண்ணைக் கூசும்.

இவ்வளவு செய்தும் கஸ்டமரின் போன் திரை தன் பங்குக்குக் கொஞ்சம் சாயம் ஏற்றும். அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. பிளவுஸ் பக்கத்தில் ஒரு நிஜத் தக்காளியை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எது தக்காளி, எது அரக்கு என்று அவரே பிரித்துக்கொள்வார். சூளகிரியில் தக்காளிக்கா பஞ்சம்?

டெரகோட்டா ஜிமிக்கி வாசகி, ஓசூர்
ஐபோனுக்கு மேல்கூடு செய்கிற டாடா எலக்ட்ரானிக்ஸ் நம்ம ஊர்ப் பக்கம்தான். என்னிடம் ஐபோன் இல்லாததால்தான் ஆர்டர் வரவில்லையோ?

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பூப்போட்ட பெட்ஷீட், நடுவில் எங்கேயோ ஜிமிக்கி. இரண்டாம் முறை தேடியபோதுதான் அகப்பட்டது. எந்த போனாக இருந்தாலும் அந்த பெட்ஷீட்டை ஒன்றும் செய்ய முடியாது.

சூளகிரி கொத்தமல்லி மண்டியில் வியாபாரி என்ன செய்கிறார்? கட்டைத் தூக்கிப் பார்க்கிறார், புரட்டுகிறார், வேர்ப்பக்கம் ஈரமா என்று தடவுகிறார், மோந்து பார்க்கிறார். அப்புறம்தான் விலை. போனில் வாங்குகிறவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. அவருக்காக நீங்கள்தான் புரட்டிக் காட்ட வேண்டும். உள்ளங்கையில் வைத்து ஒன்று, காதில் போட்டு ஒன்று, பின்பக்கக் கொக்கிக்கு ஒன்று, ஒரு ரூபாய்க் காசு பக்கத்தில் ஒன்று. வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாகில் ஒரு பொருளுக்கு 10 படம் வரை போடலாம். ஒன்றோடு நிறுத்தி யாருக்கு மிச்சம் பிடிக்கிறீர்கள்?

அதே வாசகி, மறுவாரம்
கடன் வாங்கி ஐபோனே வாங்கிவிட்டேன். இப்போது வெப்சைட் படத்தை ஏற்றவே மாட்டேன் என்கிறது!

பதில் வரும்வரை பொறுத்திருக்கலாம். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து ஐபோன் படத்தை 'ஹெச்ஈஐசி' என்ற வகையில் சேமிக்கிறது. அது சில தளங்களுக்கு ஜீரணமாகாது. செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தொடுங்கள். பெட்ஷீட்டை மாற்றினீர்களா?

ரெசின் சாவிக்கொத்து வாசகர், பேரிகை
நான் எடுக்கும்போது படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கஸ்டமரிடம் போனால் கலங்கல்.

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அதை ஸ்டேட்டஸில் போட்டு, அதை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை இன்னொருவர் குரூப்பில் போட்டால், டவுன் பஸ்ஸில் போன முறுக்குப் பொட்டலம் கதைதான். 2023-இல் வந்த 'ஹெச்டி' பட்டனை அழுத்தி அனுப்புங்கள். அசலே போய்ச் சேர வேண்டுமென்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.

சில்க் த்ரெட் வளையல் வாசகி, கிருஷ்ணகிரி
என் படத்தைத் திருடி இன்னொருவர் விற்கிறார். படத்தின் நடுவே என் பெயரைப் பெரிதாகப் போட்டுவிடவா?

போட்டால் திருடனோடு சேர்த்து வளையலும் மறையும். அமேசான் மாதிரியான தளங்களில் முதல் படத்தில் எழுத்தே கூடாது. பின்னணி சுத்த வெள்ளை, படத்தில் 85 சதவீதம் பொருள் என்பது அமேசான் கணக்கு. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்களுக்காக நீங்களே எடுத்த படம் உங்களுடையது, பதிவு செய்யாவிட்டாலும். போனில் தேதியோடு இருக்கும் அசலை அழிக்காமல் வைத்து, அந்தத் தளத்தில் புகார் கொடுங்கள்.

இன்னொரு வளையல் வாசகி, பெயர் வேண்டாம்
பின்டரெஸ்ட் படத்தையே 'சாம்பிள்' என்று போட்டால் என்ன?

ஜாதகத்தோடு அண்ணன் போட்டோவை அனுப்பிவிட்டு, மணவறையில் தம்பியை உட்கார வைத்தால் என்ன ஆகுமோ, அது. மேலே உள்ள கேள்வியையும் ஒருமுறை படியுங்கள்.

குரோஷே பை வாசகி, சூளகிரி
படம் போட்டதிலிருந்து ஒருவர் "எந்த?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நானும் "நீலம்", "பெரியது", "கைப்பிடி வைத்தது" என்று நாலு நாளாகச் சொல்கிறேன். திருப்தியே இல்லை அவருக்கு.

அம்மா, அவர் தெலுங்கில் கேட்கிறார். 'எந்த' என்றால் 'எவ்வளவு'! நாளைக்கு ஒருவர் 'எஷ்டு' என்பார், அது கன்னடம். படத்துக்கு அடியிலேயே விலையைப் போடுங்கள். 350 என்று எழுதினால் மூன்று பாஷைக்காரர்களும் படித்துவிடுவார்கள். அந்த மனிதர் இன்னும் ஆன்லைனில் இருந்தால் முதலில் அவருக்குச் சொல்லுங்கள்.