கம்பிக்கு இந்தப் பக்கம் சாகசம்

கொடைக்கானலுக்கு டிரெக்கிங் வருகிறவரைப் பார்த்தவுடன் தெரியும். காலில் பனிமலை ஏறும் பூட்ஸ், முதுகில் மூட்டை, கையில் மடக்குக் கம்பு. வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறியது என்னவோ வேன்தான். வாந்தி எடுத்தது மட்டும் இவர்.

2025 கோடைக்கு உயர் நீதிமன்றம் வரம்பு கட்டியது: வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. சனிக்கிழமையானால் மலை கொஞ்சம் அகலமாகிவிடும் போலிருக்கிறது!

எல்லா வண்டியும் குணா குகைக்கே போகிறது. அங்கே எடுத்த கமலின் 'குணா' 1991இல் வந்தது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது. அந்தக் குகைக் குழியில் விழுந்த நண்பன் சுபாஷை மீட்ட கதை. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இரும்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் பத்திரமாக நின்று, "சுபாஷே!" என்று கூவுகிறார்கள். பிறகு சுடச்சுட மிளகாய் பஜ்ஜி.

அடுத்தது பைன் காடு. வெள்ளைக்காரன் வழியில் வந்த மரம். வரிசை பிடித்து நட்டது. அதற்கடியில் சாய்ந்து நின்று படம் எடுத்து, 'கன்னி வனத்தில் நான்' என்று போடுகிறார்கள். இந்த மலையின் சொந்தக் காடு சோலைக்காடு. நடக்க அங்கே வழியும் இல்லை, செல்ஃபிக்கு வெளிச்சமும் இல்லை, மழைக்காலத்தில் அட்டை வேறு. நல்லவேளை, அங்கே யாரும் வருவதில்லை.

தூண் பாறையில் அன்று மேகம் மூடிக் கிடந்தது. வேலியோரம் நின்ற பூட்ஸ்காரர் டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டார்: "பாறையைத்தான் காட்டலையே, பாதிக் காசாவது திருப்பித் தரக்கூடாதா?"