சுற்றுகிற பம்பும் ஓடாத தண்ணீரும்

அனுப்புநர்: கல்யாண வீடியோ எடிட்டர் ஒருவர், சென்னை.

பெறுநர்: உயர்திரு வாரண்டிப் பிரிவு அதிகாரி அவர்கள், கணினிக்கு லிக்விட் கூலர் தயாரிக்கும் நிறுவனம்.

பொருள்: ஐந்தாண்டு வாரண்டி உள்ள கூலர் மூன்றாம் ஆண்டிலேயே உயிர்விட்டது தொடர்பாக.

ஐயா, அல்லது அம்மையீர், அல்லது தானாகப் பதில் அனுப்பும் இயந்திரம் அவர்களே,

முதலில் பாராட்டு. உங்கள் கூலரின் தலையில் உள்ள வட்டத் திரை இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் எரிகிறது. பிராசசர் 100 டிகிரியைத் தொட்டபோதும் அந்த எண்ணை இளஞ்சிவப்பில், ஓரத்தில் வானவில் சுற்ற, கண்ணுக்கு இதமாகக் காட்டியது. குளிர்விப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையையும் அது ஒழுங்காகச் செய்கிறது.

நடந்தது இதுதான். வைகாசி முகூர்த்தம், வெளியே கத்திரி வெயில். ஒரு கல்யாண வீடியோவை 4கே-யில் ரெண்டர் செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், கணினி அணைந்தது. மறுபடி ஓட்டினால் கெட்டிமேளம் வரை வந்து மறுபடி அணைந்தது. பெண்ணின் அப்பா போனில், “தம்பி, எங்க வீட்ல கல்யாணம் முடிஞ்சிருச்சு. உங்க கம்ப்யூட்டர்ல இன்னும் தாலி கட்டலையா?” என்று கேட்டார். உங்கள் பிரிவுக்கு எழுதினேன்.

உடனே பதில் வந்தது. கூலரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று கேட்டிருந்தீர்கள். உரித்தேன் ஐயா, 2022-லேயே. உரிக்காமல் மாட்டியிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். அடுத்து, சரியான பிராக்கெட்டா என்றீர்கள். எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் திருகு ஓட்டைகளுக்கு நடுவே 78 மில்லிமீட்டர், முந்தைய சாக்கெட்டில் 75. பழைய பிராக்கெட்டை வலிந்து மாட்டினால் கூலர் பிராசசர்மேல் சரியாக உட்காராது என்பது உண்மைதான். ஆனால் இத்தனை காலம் ஒழுங்காக உட்கார்ந்திருந்த பிராக்கெட் ஒரே இரவில் அளவு மாறுமா? மூன்றாவதாக, மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னீர்கள். புதுப்பித்தேன். வானவில்லில் இரண்டு நிறம் கூடியது.

கேட்டிருக்க வேண்டிய ஒன்றை மட்டும் நீங்கள் கேட்கவே இல்லை. பயாஸில் மின்சார வரம்பு எவ்வளவு? என்னுடைய ஐ9-12900கே பிராசசருக்கு இன்டெல் எழுதிவைத்த உச்ச அளவு 241 வாட். பல மதர்போர்டுகளோ தாமாகவே 4096 வாட் என்று வைத்துவிடுகின்றன. அதாவது வரம்பே இல்லை. அப்படி அவிழ்த்துவிட்ட பிராசசர் எந்தக் கூலரையும் திணறடிக்கும், அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆகவே நானே 241-க்கு இறக்கினேன். சூடு குறையவில்லை. 65 வாட்டுக்கு இறக்கினேன். அப்போதும் 100. பத்திர ஆபீஸில் இருக்கும் சாதாரணக் கணினி, உள்ளங்கை அளவு ஃபேனை வைத்துக்கொண்டு சமாளிக்கிற சூடு அது. மூன்று ஃபேன் மாட்டிய உங்கள் கூலரால் முடியவில்லை.

பிறகு கையை வைத்துப் பார்த்தேன். இதற்கு மென்பொருள் தேவையில்லை. ரேடியேட்டரில் தூசி அடைத்திருந்தால் உள்ளே ஓடும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும், பிராசசர் உச்சத்துக்குப் போக நேரம் பிடிக்கும். இங்கே பயாஸ் திரை வருவதற்குள் 90 தாண்டுகிறது. கூலரின் அடியில் உள்ள செப்புத் தகடு பிராசசரை ஒட்டாமல் இருந்தால் கூலரின் எந்த இடமும் சுடாது. இங்கே தகட்டுப் பகுதி சுடுகிறது, அதை ஒட்டிய குழாய் சுடுகிறது, ரேடியேட்டர் மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கிடக்கிறது. தண்ணீர் நகரவில்லை. பம்ப் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றுவதாக உங்கள் மென்பொருள் சொல்வதை நான் மறுக்கவில்லை. சுற்றத்தான் செய்கிறது.

ஏன் நகரவில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தகடு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். இரண்டையும் ஒரே நீரில் வைத்தால் அரிப்பு வரும். வராமலிருக்க மருந்து கலக்கிறீர்கள். மருந்து வலுவிழந்தால் கசடு சேரும். தகட்டின் உட்பக்கம் மெல்லிய செப்பு இதழ்கள் நெருக்கமாக நிற்கின்றன, அந்தச் சந்துகளில்தான் கசடு போய் அடையும். போதாததற்கு, ரப்பர் குழாய் வழியாக நீர் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிக் குறைந்துகொண்டே வரும். குறைந்த இடத்தில் காற்றுக்குமிழ் சேர்ந்து, இருப்பதிலேயே உயரமான இடத்துக்குப் போகும். அது பம்பாக இருந்தால் களகளவென்று சத்தம் கேட்கும். என் ரேடியேட்டர் கேபினெட்டின் மேல்தட்டில்தான் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்ற கேள்வியையும் கேட்டுவிடாதீர்கள் என்று அப்போதே எழுதினேன்.

கேட்டீர்கள். அதோடு, தண்ணீர் ஓடவில்லை என்பதற்கு வீடியோ ஆதாரமும் கேட்டீர்கள். கறுப்புக் குழாய், கறுப்புப் பெட்டி, எல்லாம் ஒட்டி மூடியது. திறந்தால் வாரண்டி ரத்து என்ற ஸ்டிக்கரும் உங்களுடையதே. தொழிலே வீடியோவாக இருக்கும் எனக்கும் இதைப் படம்பிடிக்கத் தெரியவில்லை.

அடுத்த கடிதத்தில், அறையின் வெப்பம் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்றீர்கள். சென்னையில் 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. இந்த ஊருக்குச் சரக்கை அனுப்பும்போது இது தெரியாதா? சரி, கணக்கே போட்டுப் பார்ப்போம். அறை 25-லிருந்து 38 ஆனால் பிராசசரின் சூடும் ஏறக்குறைய அந்த 13 டிகிரிதான் கூடும். 70-ல் ஓடியது 83 ஆகும். நூறாகி அணையாது.

கடைசியாக வந்த பதில்தான் மகுடம். 100 டிகிரி என்பது இந்தப் பிராசசருக்கு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் வருவதால், கூலரில் பழுதில்லை என்று முடிவு செய்து புகார் டிக்கெட்டை மூடிவிட்டீர்கள். 100 என்பது வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லிப் பிராசசருக்கு வைத்த எல்லை. அது கூலருக்குக் கொடுத்த நற்சான்றிதழ் அல்ல.

ரிச்சி தெருவில் எனக்குப் பொருள் விற்றவரிடம் கொண்டுபோனேன். “சார், கழட்டிக் கழுவி தண்ணி ஊத்துனா சின்ன வேலை. தொறந்தா வாரண்டி போயிடும், தொறக்கலேன்னா கூலர் போயிடும்” என்றார். லாரி ரேடியேட்டருக்கு ஒரு மூடி உண்டு, தண்ணீர் குறைந்தால் வழியில் நிறுத்தி ஊற்றிக்கொண்டு போகலாம். உள்ளங்கை அளவுத் திரைக்கு இடம் கண்டுபிடித்த உங்கள் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திருகு மூடிக்கு இடம் கிடைக்கவில்லை. எல்லா நிறுவனமும் இப்படியில்லை, நீர் நிரப்ப வாய் வைத்த லிக்விட் கூலர்களும் சந்தையில் இருக்கின்றன.

அவர் ஒரு ஏர் கூலரை இரவல் தந்தார். கனமான அலுமினியத் தகடுகள், நடுவே செப்புக் குழாய்கள், பக்கத்தில் ஃபேன். திரை இல்லை, வானவில் இல்லை. மின்வரம்பைச் சற்று இறக்கி ஓட்டியதில் தாலி கட்டியாயிற்று, பந்தியும் முடிந்தது. அதில் பழுதாகக்கூடிய பொருள் ஃபேன் ஒன்றுதான். கெட்டால் சில நூறு ரூபாய்க்குப் புதிது வாங்கி நானே மாட்டிக்கொள்வேன், யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை.

எனவே ஐயா, மூடிய டிக்கெட்டைத் திறந்து கூலரை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பழையதை உங்களுக்கு அனுப்பும் கூரியர் செலவை யார் கட்டுவது என்பதையும் ஒரு வரியில் தெரிவியுங்கள். உங்கள் வாரண்டி அட்டையில் அது இல்லை.

இப்படிக்கு,
இன்னும் வாரண்டிக் காலத்துக்குள் இருக்கும் வாடிக்கையாளர்.