நித்திரா சித்திர மீமாம்சை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார ரயிலில், காலை ஷிப்டுக்காகச் சிப்காட் தொழிற்பேட்டையை நோக்கிப் பிரயாணம் செய்வோர் கண்ணயர்வதும், எதிர் ஆசனத்தில் அமர்ந்த ஒருவன் அவர்களைத் தன் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் தீட்ட முற்படுவதும் அற்ப விஷயங்கள் என்று கருதியோ என்னவோ, ஆன்றோர் இதுகாறும் இத்துறையில் கிரந்தம் எதுவும் இயற்றாது விட்டுவிட்டனர். அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டே இந்த ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கூடம், சீசன் டிக்கெட் உள்ளவர்க்கெல்லாம் திறந்திருக்கும் இரண்டாம் வகுப்புப் பெட்டி.

விழித்திருப்பவனை வரைவது வீண். தன்னை ஒருவன் உற்று நோக்குகிறான் என்று உணர்ந்த மாத்திரத்தில் அவன் தலையைக் கோதி, காலரை நிமிர்த்தி, ஸ்டூடியோவில் அமர்ந்த மாப்பிள்ளையாக மாறிவிடுகிறான். ஆகவே துயில்பவனே உத்தம பாத்திரம். அவருள்ளும் ஜன்னல் கம்பியிடம் நெற்றியை ஒப்படைப்போர் ஒரு வகை. அடுத்தவர் தோளை அவர் அநுமதியின்றி அநுபவிப்போர் மற்றொரு வகை. பின்னதை வரைகையில் தோளுக்குரியவரின் முகபாவமே சித்திரத்தின் ஜீவன்.

காமசூத்திரத்துக்கு ஜயமங்கலை என்னும் உரை செய்த யசோதரர் சித்திரத்துக்கு ஆறு அங்கங்கள் கூறுகிறார். அவற்றுள் வர்ணிகாபங்கம் என்னும் வண்ணக் கலவை பென்சில்காரனுக்கு இல்லை. பிரமாணம் என்னும் அளவே பெருந்தொல்லை. தண்டவாளம் மாறுமிடத்தில் வண்டி குலுங்க, மூக்கு கன்னத்துக்குப் போய்விடுகிறது. யசோதரர் இந்த மார்க்கத்தில் பிரயாணம் செய்தவரல்லர்.

கோயில் கோயிலாகச் சென்று சிலைகளின் எதிரே அமர்ந்து ஆனந்த விகடனுக்காகத் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரைந்த சில்பியின் பொறுமையை உலகம் போற்றும், நானும் போற்றுகிறேன். ஆயினும் அவருக்கு வாய்த்தவர்கள் பல நூற்றாண்டுகளாக இடம் பெயராதவர்கள். எனக்கு வாய்த்தவரோ மீஞ்சூரில் ஏறிப் பொன்னேரியில் இறங்கிவிடுகிறார். எவ்வளவு நேரம் வரைந்தாலும் எழுந்து போகாத பாத்திரம் வேண்டுமாயின், திருவள்ளூரில் பள்ளிகொண்டிருக்கும் வீரராகவப் பெருமாளைத்தான் நாடவேண்டும். அவ்வூரோ அரக்கோணம் மார்க்கத்தில் இருக்கிறது.

எனவே எஞ்சிய பாகத்தை ஞாபகத்திலிருந்து பூர்த்தி செய்வது அவசியமாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸில் லெகாக் த புவாபோத்ரான் என்னும் ஆசிரியர், மூலத்தை மனத்தில் பதித்துக்கொண்டு அது கண்ணெதிரே இல்லாதபோது வரையும் பயிற்சியை அளித்தார். சிற்பி ரோதான் அவர் மாணாக்கர். யானும் அவ்வழி நின்று, “காது புருவத்துக்கு நேரே, முகவாய் மேல் பொத்தானில்” என்று பாராயணம் செய்து வரலானேன். காரியம் பலித்தது, மூக்கைத் தவிர. ஞாபகத்திலிருந்து வரைந்த மூக்குகள் அனைத்தும் என் மூக்காகவே அமைந்தன. ஓவியன் தன் உருவத்தையே பிறர்மேல் ஏற்றிவிடுவான் என்று லியோனார்டோ டா வின்ஸி எச்சரித்ததுண்டு, அதைவிடச் சுருக்கமாக, நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய என் மனைவி, “இத்தனை பேரும் உங்க சொந்தக்காரங்களா?” என்றாள்.

இதிலிருந்து ஒரு சித்தாந்தம் வகுத்தேன். ஞாபகம் முகத்தைத் திரிக்கும். நித்தியம் கையாளும் பொருளைத் திரிக்காது. மடியிலிருக்கும் டிபன் கேரியரின் கொக்கியையும், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் நாடாவையும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்தாலும் பிழை நேராது; அவற்றைக் கண்ணைக் காட்டிலும் கை நன்கறியும்.

சித்தாந்தத்தை நிரூபிக்கும் நோக்கத்துடன், கவரைப்பேட்டையைத் தாண்டியபின் எதிரே உறங்கியவரின் முகத்தை ஒருமுறை பார்த்து, மூக்கையும் கேரியரையும் ஞாபகத்துக்கே விட்டு, தலை நிமிராமல் வரைந்து முடித்தேன். கும்மிடிப்பூண்டி வந்ததும் அவர் யாரும் எழுப்பாமலே விழித்து, குனிந்து படத்தைப் பார்த்தார்.

“மூஞ்சி அப்படியே இருக்குது சார், மூக்கெல்லாம் என்னுதேதான். கேரியர்தான் தப்பு. என்னுது மூணு அடுக்கு, நீங்க நாலு போட்டுட்டீங்க.”