வாங்க, வாங் சார்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனிக்குப் புது மெஷின் மாட்டித்தர சீனாவிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்தார். பெயர் வாங். முந்தின ராத்திரியே போனில் தேடி, 'வாங் என்றால் ராஜா' என்று மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். கேட்டிலேயே எடுத்துவிட்டேன்: "உங்க பேருக்கு ராஜான்னு அர்த்தம், தெரியுமா?" அவர் பெயரை அவருக்கே விளக்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மனிதர் சிரித்தபடி விசிட்டர் நோட்டில் எழுதிக் காட்டினார். வலப்பக்கம் ராஜா, இடப்பக்கம் மூன்று சொட்டுத் தண்ணீர். ராஜா வாங் வேறு, இவர் வாங் வேறு. இவருடையது பரந்த நீர்ப்பரப்பாம். ராஜாவைச் சொல்லும்போது குரல் மேலே ஏறும். இவரைச் சொல்லும்போது ஏறாமல் இறங்காமல் நிற்கும். 1958இல் சீன அரசு ஏற்ற பின்யின் முறைப்படி எழுத்தின் தலையில் ஒரு கோடு போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். விசிட்டிங் கார்டில் யார் கோடு போடுகிறார்கள்?

அந்த நேரம் பார்த்து செக்யூரிட்டி அண்ணன் "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார். வந்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர்கள் ஊர் நாய் 'வாங் வாங்' என்றுதான் குரைக்குமாம். எழுதுவதும் அவர் பெயரின் அதே எழுத்தை இரண்டு முறை போட்டுத்தானாம்.

எனக்கு ரோஷம். "தமிழில் இந்தக் குழப்பமே கிடையாது, மொத்தம் 247 எழுத்து" என்று அளந்தேன்.

மத்தியானம் அத்தையிடமிருந்து (மாமியார்தான்) இங்கிலீஷ் எழுத்தில் மெசேஜ்: "வலி தெரியல." முட்டிவலிக்காரர். தைலம் கேட்கிறது போல என்று மகிழ்ந்து, "சூப்பர் அத்தை, அப்படியே நடந்துக்கிட்டே இருங்க" என்று தட்டிவிட்டேன்.

அத்தை எழுதியது வழி. எங்கள் வீட்டில் யார் வாயிலும் ழ வராது; விரலில் மட்டும் எங்கிருந்து வரும்? பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எங்கள் புது வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றிருக்கிறார். மாப்பிள்ளை சொல்லைத் தட்டாமல் குமணன்சாவடி வரைக்கும் நடந்தும்விட்டார்.

ராத்திரி மனைவியிடம் சமாதானம் சொன்னேன்: "அரசாங்கமே 2020 ஜூன்ல 1,018 ஊர்ப்பேருக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை மாத்தி ஆணை வெளியிட்டுட்டு, சில நாள்லயே திரும்ப வாங்கிடுச்சு. நான் எம்மாத்திரம்?"

"அவங்க திரும்ப வாங்கிட்டாங்க. நீங்க அனுப்பினதை அம்மா ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப குரூப்ல போட்டாச்சு."